இடது பக்கத்து அக்கி

எனக்கு அக்கி வந்த இடம் சரியில்லை. கையில் வந்திருக்கலாம், காலில் வந்திருக்கலாம், முகத்தில் வந்திருந்தால்கூட முந்தானையால் மூடிக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பேன். சனியன், இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து, விலாவைச் சுற்றிக்கொண்டு முதுகுத்தண்டு வரைக்கும் ஒரு பட்டையாகப் போட்டது. வேறு எங்கே வந்திருந்தாலும் என் இதயம் இன்றைக்கு இப்படி அரைகுறையாக வேலை பார்த்துக்கொண்டு இருக்காது என்று நினைக்கிறேன். என் மகள் அவள் அப்பாவோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கவும் மாட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுத்தவள். மனித இதயத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைந்து, நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதிப்போடுவேன். வகுப்பில் வாய் கிழியும். வீட்டில் என்றால் நான் வேறு ஆள். தையல்காரரிடம் ஒரு நாளும் அளவு கொடுத்ததில்லை. பழைய ஜாக்கெட்டைத்தான் கொடுத்து அனுப்புவேன். கொடியில் என் உள்ளாடை காயும்போது மேலே ஒரு துண்டு கிடக்கும். என்னவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏளா, துண்டுக்கு அடியில கெடந்தா அது எப்பக் காயும்?" என்பார். "அது காய்ஞ்சா என்ன, காயாட்டா என்ன, ஒங்களுக்கு என்ன வந்துது?" என்பேன்.

மில்லர்புரத்தில் எங்கள் வீடு. அக்கி வந்த அன்றைக்கு வெயில் கொளுத்தியது. முதலில் அதை வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். பவுடர் போட்டேன். ராத்திரியெல்லாம் யாரோ சூடு போடுகிற மாதிரி எரிந்தது. அடுத்த நாள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் வந்து போன அம்மையின் வைரஸ் உண்மையில் போவதே இல்லை. நரம்பு வேரில் ஒடுங்கிக் கிடக்கும். வயசாகி உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து, அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு வரும். உடனே மாத்திரை ஆரம்பித்தால்தான் அதை அடக்கலாம். எல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். பாடத்தோடு கிண்டலும் சேரும். "காவியில சிங்கம் வரைஞ்சா வைரஸ் பயந்து ஓடிருமாலே?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும்.

எங்கள் பக்கம் அக்கி வந்தால் மண்பானை செய்கிறவர்களிடம் போவார்கள். அவர்கள் காவிக்கல்லை உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார்கள். அதற்கு அக்கி எழுதுவது என்று பெயர். எழுதியது அழியாமல் இருக்கிறவரைக்கும் குளிக்கக் கூடாது.

தோல் டாக்டர் ஆண். எனக்குத் தெரிந்த இன்னொரு தோல் டாக்டரும் ஆண். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஜாக்கெட்டைக் கழற்றுவதை நினைத்துப் பார்த்தேன். முடியாது என்று முடிவு செய்துவிட்டேன். எதிர் வீட்டு அக்காவிடம், சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு அக்கி என்று புளுகி, யார் எழுதுகிறார்கள் என்று பேச்சுக் கொடுத்தேன்.

"கொற்கைக்குப் பக்கத்துல ஒரு வீடு இருக்கு டீச்சர். அங்கன பொம்பளையே எழுதுதா" என்றாள்.

பொம்பளையே எழுதுதா. அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. காவியை நம்பி நான் போகவில்லை. சத்தியமாக நம்பவில்லை. கண்ட ஆம்பிளைக்கும் காட்ட வேண்டாம் என்பதற்காகப் போனேன். படித்தவள் வைத்தியம் பார்க்கத் தேர்ந்தெடுத்த லட்சணம் இது.

வாழைத்தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவில் வீடு. முற்றத்தில் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்கு என் வயசு இருக்கும். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஜாக்கெட்டக் கழத்துங்க டீச்சரம்மா."

கழற்றினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர்ந்த காவி கொப்புளத்தில் பட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சுகத்துக்கு வந்த கண்ணீர்தான்.

"இந்த முனையும் அந்த முனையும் சேந்துட்டா ஆபத்து. அதான் நடுவுல சிங்கத்த விடுதேன். தின்னு தீத்துரும் பாருங்க" என்றாள். வாலை வரையும்போது எனக்குக் கூசியது. அவள் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்படியே வீட்டுக்கு வந்து, புருஷனுக்குத் தெரியாமல் இடது மார்பின் கீழே ஒரு சிங்கத்தை வைத்துக்கொண்டு சமைத்தேன். குளிக்கவில்லை, குளியலறைக்குள் போய்ச் சும்மா தண்ணீரை ஊற்றிவிட்டு முகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு வருவேன். இப்போது எழுதும்போதே மூஞ்சியை எங்கே கொண்டு வைக்க என்று இருக்கிறது.

படுக்கை விரிப்பில் ஒட்டிய சிவப்புக் கறைதான் காட்டிக் கொடுத்தது. அவர் அதை ரத்தம் என்று நினைத்துவிட்டார். "என்னளா இது? எங்கேருந்து ரத்தம் வருது? ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புற்றுநோய் அது இது என்று அவர் மனசு எங்கெங்கோ போய்விட்டது. வேறு வழியில்லாமல் சொன்னேன். சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் சுருங்கிப் போனது.

"எங்கிட்டச் சொல்லதுக்கு என்னளா வெக்கம்?"

"லேடி டாக்டர்ட்ட மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அந்த லேடி டாக்டர் திட்டின திட்டு எனக்கு வேண்டியதுதான். கொப்புளம் காய ஆரம்பித்துவிட்டது, மாத்திரை சாப்பிட வேண்டிய நேரத்தைக் கோட்டை விட்டுவிட்டீர்கள் என்றார். ரத்த அழுத்தம் பார்த்தார். எகிறிக் கிடந்தது. அதற்கு மாத்திரை எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"டீச்சர், அக்கிய வெறும் தோல் வியாதின்னு நினைக்காதீங்க. இந்த வைரஸ் ரத்தக் குழாயோட சுவரையும் புண்ணாக்கலாம். உள்ளே வீங்கும், ரத்தம் உறையும். அக்கி வந்தவங்களுக்கு அடுத்த சில மாசத்துக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு கூடுதல். உங்களுக்கு வயசும் இருக்கு, பிரஷரும் இருக்கு. நெஞ்சு அடைச்சா, ஒரு பக்கம் கை கால் மரத்தா, நிமிஷம் தாமதிக்காம வரணும். இப்ப கீழே போய் ஒரு ஈசிஜி எடுத்துட்டு வாங்க. அந்தக் காவியக் கழுவுங்க மொதல்ல."

ஈசிஜி அறையில் இருந்த தம்பி என்னைப் பார்த்ததும் படக்கென்று எழுந்து நின்றான். "டீச்சர்! என்னயத் தெரியுதா?" என்றான். தெரியாமல் என்ன? கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து இதயத்துக்கு வலதுபுறம் எழுத வேண்டியதை இடதுபுறம் எழுதிக்கொண்டிருந்தவன். இப்போது தாடி வைத்திருந்தான். திரையை இழுத்துவிட்டு, "ஜாக்கெட்ட லூஸ் பண்ணிட்டுப் படுங்க டீச்சர். ரெடின்னதும் சொல்லுங்க, நான் வெளிய நிக்கேன்" என்றான். எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா? ஆனால் என் காதில் ஜாக்கெட் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. உள்ளே இருக்கும் சிங்கம் ஞாபகம் வந்தது. வகுப்பில் நான் சிங்கத்தை வைத்துச் சிரித்தபோது இவனும் சேர்ந்து சிரித்திருப்பான்.

"பொம்பளை ஆளு யாரும் இல்லையாலே?"

"அக்கா லீவு டீச்சர். நாளைக்கழிச்சு வருவாங்க."

"அப்பம் நாளைக்கழிச்சு வாரேன்" என்று பையை எடுத்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னவர், "எடுத்தாச்சா?" என்றார். "எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லையாம்" என்றேன். கூசாமல் சொன்னேன். நாளைக்கழித்தும் போகவில்லை, அதற்கு அப்புறமும் போகவில்லை. அந்த டாக்டர் அம்மா இருக்கும் தெருப் பக்கமே தலை காட்டவில்லை.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை. சேலை உரசினால் உயிர் போகும். ராத்திரியில் கத்தி எடுத்து இழுக்கிற மாதிரி ஒரு வலி வரும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை தலையைச் சுற்ற வைத்தது. ஒரு நாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி மறுபடியும் அந்தப் பானைக்கார வீட்டுக்கே போனேன். கழுவச் சொன்ன டாக்டரை நினைத்துக்கொண்டேதான் போனேன். அந்தக் கையும் அந்தக் குளிர்ச்சியும் வேண்டியிருந்தது. "தழும்புக்கு மேலயும் எழுதலாம், தப்பில்ல" என்று முன்னதைவிடப் பெரிய சிங்கமாகப் போட்டு அனுப்பினாள். இந்தத் தடவை உள்ளுக்குள் பழைய துணியை வைத்துக் கட்டிக்கொண்டேன். விரிப்பில் கறை படவில்லை. என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போய்விடுவார். போனால் சீக்கிரம் வர மாட்டார். ஏலம் பார்ப்பார், துறைமுகத்துப் பழைய ஆட்களோடு டீ குடிப்பார், ஊர்க்கதை பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினார். அவர் தெருமுனையைத் திரும்பியிருக்க மாட்டார், எனக்கு வலி ஆரம்பித்தது.

முதலில் அக்கி வலி என்றுதான் நினைத்தேன். அதே பக்கம், அதே இடம். ஆனால் அக்கி வலி எரியும், இது எரியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உப்பு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு இறக்காமல் போன மாதிரி இருந்தது. தாடைக்கு ஏறியது. இடது கை கனத்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் வியர்த்துக் கொட்டியது. விலங்கியல் டீச்சருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது அத்தனையும் வந்துவிட்டது. டாக்டர் அம்மா சொன்னதும் காதுக்குள் கேட்டது.

கைபேசி மேசை மேல்தான் இருந்தது. எதிர் வீட்டில் ஆள் இருந்தார்கள். ஒரு சத்தம் போட்டால் போதும்.

பயந்துதான் போனேன். சாவை நினைத்து அல்ல. இந்தச் சிங்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று. அங்கே ஜாக்கெட்டை அவிழ்ப்பார்கள். அந்தப் பையன் இருப்பான். டாக்டர் அம்மா இருப்பார். காவியும், உள்ளே சுற்றியிருக்கிற கந்தல் துணியும், குளிக்காத உடம்பும். 'விலங்கியல் டீச்சராம், அக்கி எழுதிட்டு வந்திருக்காம்' என்று நர்சுகள் பேசிக்கொள்வதை என்னால் இங்கிருந்தே கேட்க முடிந்தது.

குளிக்கப் போனேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், சோப்புப் போட்டேன், நார் வைத்துத் தேய்த்தேன். எண்ணெயில் ஊறிய காவி லேசில் போகவில்லை. தழும்பெல்லாம் தீயாக எரிந்தது. நடுவில் ஒரு தடவை கண் இருட்டி, சுவரில் சாய்ந்து கிடந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. தெளிந்ததும் மறுபடி தேய்த்தேன். தலையையும் நனைத்தேன். பிறகு பீரோவைத் திறந்து, புதுசாக வாங்கி வைத்திருந்த உள்ளாடையை எடுத்துப் போட்டு, தூக்கவே முடியாத கையைத் தூக்கி ஜாக்கெட் கொக்கிகளை மாட்டி, நல்ல சேலை ஒன்றைக் கட்டி, பொட்டு வைத்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோட்டிக்காரி.

"ஏளா, சீலா மீனு நல்லாக் கெடச்சுது!" என்று சத்தம் போட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டார்.

"நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. இப்பந்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். ஓடிப்போய் ஆட்டோவோடு வந்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, உப்பு லாரிக்காரன் ஒதுங்காததற்கு அவனையும் அவன் வம்சத்தையும் ஏசிக்கொண்டு வந்தார்.

ஈசிஜி அறையில் அதே தம்பி. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "மூச்ச சாதாரணமா விடுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னான். காகிதம் வெளியே வந்ததும் அவன் ஓடின சத்தம் கேட்டது. அவன் என் உடம்பைப் பார்த்தானா என்று கேட்டால், அவனுக்கு அதற்கு ஏது நேரம்? அவன் ஓடியது எனக்காக. இந்த ஓட்டத்தை முதல் தடவை வந்த அன்றைக்கே, சும்மா ஒரு பரிசோதனையாக, நடையாக முடித்திருக்கலாம்.

அவசரப் பிரிவு டாக்டர் வந்து, "வலி எப்ப ஆரம்பிச்சுது? சரியாச் சொல்லுங்க, இதை வச்சுத்தான் ஊசி போடணும்" என்றார்.

நான் 'இப்பந்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என்னவர் முந்திக்கொண்டார்.

"காலைல நான் வெளிய கிளம்பும்போதே சொன்னா டாக்டர். வலிக்குன்னா. நான்தான் வாயுன்னு நினைச்சுக்கிட்டு மீன் வாங்கப் போயிட்டேன்."

டாக்டர் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் உதட்டைச் சுழித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வலியில் சொல்ல முடியவில்லை என்று எழுதிவிடலாம். சொல்ல முடியும், சொல்லவில்லை.

உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், அடைத்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி ரத்தமில்லாமல் கெட்டுப் போயிருந்தது. அங்கிருந்த இதய டாக்டர் என் தழும்பைப் பார்த்து அக்கி எப்போது வந்தது என்று விசாரித்தார். அதனால்தான் அடைப்பு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, உங்களுக்குப் பிரஷரும் இருந்திருக்கிறது, ஆனால் அதற்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றார். அக்கி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது, வீட்டுக்காரரையும் அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்த அளவுக்குத் தசை போயிருக்காது" என்று சொல்லிவிட்டு, என்னவரைத்தான் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெங்களூரிலிருந்து என் மகள் அலறி அடித்துக்கொண்டு வந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. சொந்தக்காரர் எல்லாருடைய வாயிலும் அதுதான். பொண்டாட்டி நெஞ்சு வலிக்குன்னு சொல்லுதா, மனுஷன் மீன் வாங்கப் போயிருக்கான். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு அவர் முன்னாலேயே இதைப் பேசுவார்கள். "ஆமா, என் புத்தி அப்படிப் போயிட்டு" என்பார் அவர். ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாரிடமும் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனாலும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரி கிடப்பேன்.

மகள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு அம்மாவ விட மீன் பெருசாப் போச்சாப்பா?" அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு எங்களோடு தங்கினாள். எனக்குக் கஞ்சி கொடுப்பாள், மாத்திரை கொடுப்பாள், கையைப் பிடித்து நடக்க வைப்பாள். அவருக்குத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் அறைக்குள் வந்தால் இவள் எழுந்து வெளியே போவாள். அவளைச் சின்ன வயதில் தோளில் வைத்துத் துறைமுகத்தில் கப்பல் காட்டின மனுஷன், இப்போது அவள் கண்ணில் படாமல் வீட்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்திருப்பார். மீன் வாங்கப் போவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவுவார்.

ஒரு நாள் மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அவர் என் தலையணையைச் சரிசெய்ய வந்தார். எனக்குப் பொங்கிவிட்டது.

"நான் எப்ப ஒங்ககிட்ட வலிக்குன்னு சொன்னேன்? ஏன் இப்படிப் பொய் சொல்லிக்கிட்டுத் திரியுதிய?"

"மெதுவாப் பேசு. ஒனக்கு ஆகாது."

"காலைலயே ஆரம்பிச்சுதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போகும்போது ஒனக்கு ஊத்தி வச்ச காப்பி ஏடு கட்டிக் கெடந்துது. நீ ஈரத் தலையோட, நல்ல சேலை கட்டிக்கிட்டு, மூச்சு விட முடியாம உக்காந்திருக்க. இப்பந்தான்னு சொல்லுத. இத்தனை வருஷம் ஒங்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன், இது தெரியாதா எனக்கு?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "டாக்டருக்குச் சரியான நேரம் தெரியணும். நீ சொல்ல மாட்ட. அதான் நான் சொன்னேன்."

"சரி, நேரத்த மட்டும் சொல்லியிருக்கலாம்லா? எதுக்குப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டிய?"

"நேரத்தச் சொன்னா, அதுவரைக்கும் இவ என்ன செஞ்சான்னு கேப்பான். குளிச்சான்னு சொல்லணும். எதுக்குக் குளிச்சான்னு கேப்பான். ஊரு பூரா ஒன்னயப் பேசும்." தலையணையைத் தட்டிவிட்டு என் பின்னால் வைத்தார். "ஒடம்பு முடியாம கெடக்கவள எதுக்கு ஏசணும்? நான் நல்லாத்தான இருக்கேன். என்னய ஏசட்டும்."

"நான் போய்ச் சேந்திருந்தா?"

"அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். வாசலில் மகளின் வண்டிச் சத்தம் கேட்டது. "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. அவளாச் சரியாயிருவா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

எனக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். ஜாக்கெட்டை அவிழ்ப்பதும், உள்ளாடை கொடியில் தெரிவதும், பழைய மாணவன் பார்ப்பதும்தான் வெட்கம் என்று. சீ! இந்த மனுஷன் எல்லாருக்கும் முன்னால் குனிந்து நின்றாரே, நான் போர்வைக்குள் சொகுசாகப் படுத்துக் கிடந்தேனே, அதுதான் வெட்கம். உடம்பு முழுக்கக் கூசியது.

மகள் மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னேன். சொன்னேன். காவி, சிங்கம், எடுக்காத ஈசிஜி, முக்காலியில் உட்கார்ந்து தேய்த்தது, புது உள்ளாடை, எல்லாம். அவளிடம் மார்பு என்ற வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை, பெற்ற பெண்ணிடம்! அதையும் சொன்னேன். அப்பாவிடம் நான் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை, அவர் போன பிறகுதான் வந்தது, நான் செத்திருந்தாலும் பழியை அவரேதான் சுமந்திருப்பாராம் என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"நீ அந்தப் பாத்ரூம்லயே செத்துப் போயிருந்தா, நான் அப்பாகிட்டக் காலம் பூரா பேசியே இருக்க மாட்டேன்லம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து அப்பாவைத் தேடிப் பின்பக்கம் போனாள்.